சடங்கு மூலையில் வைத்த மடக்குக் கத்தி

என் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடும் இடத்தில் நான் ஒரு வேலை செய்வேன். அவரவர் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்வேன். மாத்திரை அட்டை இருக்கும், கண்ணாடிக் கூடு இருக்கும், கோயில் திருநீற்றுப் பொட்டலம், ரயில் பாஸ், பாதி தின்ற பிஸ்கட் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையிலிருந்து என்னுடையதை எடுத்து மேசையில் வைப்பேன். மடக்குக் கத்தி. சிவப்புக் கைப்பிடி. விரித்தால் நண்டு மாதிரி பதினொரு சாமான்.

சிரிக்காதீர்கள். போன வருடம் மும்பை சயானில் ஒரு கச்சேரி. பாடகரின் மைக் கம்பி தானாகவே இறங்கிக்கொண்டே போகிறது. அவரும் அதோடு சேர்ந்து குனிந்துகொண்டே போகிறார். சபாக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள். நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து மேடை ஏறி, திருப்புளியை விரித்து ஒரே ஒரு திருகைத் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைதட்டல் அவருக்கா எனக்கா என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் நெய் டின் திறக்க வழியில்லாமல் சமையல்காரர் விழித்தபோதும் என்னைத்தான் தேடி வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கூட அவ்வளவு தேடல் இல்லை.

நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தாராவியில் இரண்டு கார்கானா, தையல் பட்டறை, வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பை தைக்கிறோம், முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், செம்பூரில் சொந்த வீடு. எந்த மிஷின் நின்றாலும் மெக்கானிக் வரும் வரை நான் காத்திருந்தது கிடையாது. ஒரு கத்தியை ஏன் தினமும் சுமக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். சும்மா இருக்கும்போது அது இடுப்பில் ஒரு சின்னக் கனம், அவ்வளவே. அந்தக் கனம் இருந்தால் திறக்காத டப்பா, இறுகின முடிச்சு, ஆடுகிற நாற்காலி எதைப் பார்த்தாலும் மனசு ‘யாரைக் கூப்பிடலாம்’ என்று கேட்காது. ‘எந்தச் சாமானை விரிக்கலாம்’ என்றுதான் கேட்கும்.

இப்போது இருப்பது நான்காவது கத்தி. முதலாவது குர்லாவில் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்து போனது. அது என் கைக்கு வந்த மழைக்காலத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. தாராவியில் தோல் ஷாப்புக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் கோலி. பத்தடிக்குப் பத்தடி ஒரே அறை, மேலே தகரம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் அந்த ஷாப்பில் வேலை. அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வரும். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். முதல் மழை தகரத்தில் விழுந்த அன்று நான் பெரியவளானேன். பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சில் கட்டித் தர வேண்டும். பதினாறு நாள் அதில் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். பேய் பிசாசு அண்டாமல் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும். ஊரில் இதற்கெல்லாம் முற்றம் உண்டு. எங்களுக்கு இருந்தது அடுப்புக்கு எதிர்மூலை. நாலடிக்கு மூன்றடி. அம்மாவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டினார்கள். மாமா மாட்டுங்கா மார்க்கெட்டில் தென்னை ஓலை வாங்கி, நனைந்தபடி தலையில் சுமந்து வந்து மூலையில் சாத்தினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். தலையைத் துவட்டுவதற்குள் அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த சந்துக்காரி. எங்கள் வீட்டுச் சட்டம் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும்.

“ஓலை கொண்டாந்தாச்சு, சரி. இரும்பு எங்க?”

“இரும்பு வீட்டுல இல்லியாக்கா?”

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். “இருக்கது ஒத்த அரிவாள்மணை. அதயும் அங்க வச்சுட்டா நான் வெண்டைக்காயப் பல்லால கடிச்சா கொழம்பு வைப்பேன்?”

“இரும்பு இல்லாம பிள்ளைய உக்கார வைக்கப்படாது,” என்றாள் அத்தை. “தாய்மாமன்னு வந்து நிக்கியே, வெறுங்கையோடயா வருவாவ?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பாக ஒன்று மின்னியது.

“என்னதுல அது, பேனாவா?”

“கத்தி. கப்பல்காரன் ஒருத்தன்ட்ட ரெண்டு டஜன் ஆப்பூஸ் மாம்பழம் குடுத்து வாங்குனது. இதுக்குள்ள பத்து சாமான் இருக்கு, பாருங்க.”

ஒவ்வொன்றாக விரித்தார். பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், திருப்புளி, குத்தூசி, கத்தரி. ஓலை இடுக்கில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றுவலியே மறந்துவிட்டது.

அத்தை அதைத் தொடாமல் முகர்ந்து பார்த்தாள். “இது எவர்சில்வரு மாதிரில்லா பளபளங்குது. எவர்சில்வருக்குப் பேய் பயப்படுமா?”

“பேய்ட்ட கேட்டுச் சொல்லட்டா?”

“கேலி பண்ணாதல. பிள்ள காரியம்.”

இரும்பா எவர்சில்வரா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் தீர்த்து வைத்தது பக்கத்துக் கோலி மராட்டிக்காரம்மா. நாங்கள் மௌஷி என்று கூப்பிடுவோம். எங்களோடு குழாயடியில் சண்டை போட்டே தமிழ் கற்றவள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் உள்ளே போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றின வட்டக் காந்தத்தைக் கொண்டுவந்தாள். கத்தியின் அலகில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது.

“லோஹா!” என்றாள் மௌஷி. “இரும்புதான். பூதம் ஓடிரும், போ.”

அத்தை சமாதானமானாள். மாமாவின் முகம்தான் வாடிப் போனது. பதினாறு நாளைக்குத் தன் கத்தி தனக்கு இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கத்தியை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். கையோடு கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள்.

வேலை முடிந்து வந்த அப்பா திரைக்கு அந்தப்பக்கம் நின்று ஒரே ஒரு உத்தரவு போட்டார். “அது பக்கத்துல இருந்தாப் போதும். அவ தொட வேண்டாம்.”

பதினாறு நாள், ஒரு கத்தி, ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை, தொடக்கூடாதாம். பெரியவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

இரண்டாம் நாளே பத்துச் சாமானும் எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். பெரிய அலகு ‘டொக்’ என்று மூடும். கத்தரி ‘கிச்’ என்று கத்தும். இரவில் மழைச் சத்தத்துக்குள் ஒளித்து ஒளித்து மூடிப் பார்ப்பேன். என்னவென்றே புரியாதது ஒன்றுதான், பன்றி வால் மாதிரி சுருண்ட ஒரு கம்பி. காது குடைய என்றாள் அத்தை. கட்டி கீற என்றாள் மௌஷி. வெள்ளைக்காரன் இடியாப்பம் இதில் சுற்றித்தான் தின்பான் என்று மாமா சத்தியம் செய்தார். பாட்டில் தக்கை பிடுங்கும் கம்பி என்று எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அதற்குள் நான் அதை வைத்து ஆயிரம் முடிச்சு அவிழ்த்திருந்தேன். இறுகின நூல் முடிச்சுக்கு அதைப்போல ஒன்று இன்னும் யாரும் செய்யவில்லை.

நாலாம் நாள் காலையில் அம்மாவின் பம்ப் ஸ்டவ் படுத்துவிட்டது. அடிக்கிறாள், அடிக்கிறாள், காற்று ஏறவில்லை. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். தம்பிகள் பசியில் அழுகிறார்கள். சேலை ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மா, அத இங்கன தள்ளு.”

“வாய மூடிட்டு இரி. தீட்டு.”

“பம்புல வாஷர் காஞ்சு போச்சும்மா. கழத்தி எண்ணெ போட்டா ஏறும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ரிப்பேர்காரன் செஞ்சத நீயுந்தான பாத்த. நீ அவன் தாடியப் பாத்துக்கிட்டு இருந்த, நான் கையப் பாத்தேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் கொடுத்தால்தானே தீட்டு? விளக்குமாற்றுக் கட்டையால் ஸ்டவ்வை என் பக்கம் தள்ளினாள். பின்னாலேயே தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஊர்ந்து வந்தது. பம்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே தோல் வாஷர் கருவாடு மாதிரி சுருங்கிக் கிடந்தது. தோல் எப்படி இளகும் என்று தோல் ஷாப்காரன் மகளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? எண்ணெயைத் தடவி, குத்தூசியின் முதுகால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி விரித்தேன். மாட்டி, விளக்குமாறு வழியாகத் திருப்பி அனுப்பினேன். அம்மா அதன் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். நாலே அடி. நீல நெருப்பு ‘புஸ்’ஸென்று எழும்பியது. அந்தச் சத்தத்தைப்போல ஒரு மேளத்தை நான் பிறகு எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் மௌஷி ‘பிள்ளையைச் சும்மா பாக்க’ வந்தாள். போகும்போது தரையில் ஒரு மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனாள், காது கழன்ற கண்ணாடி. மறுநாள் எதிர்க் கோலி அக்கா ‘சும்மா’ வந்தாள், விரியாத குடையோடு. பிறகு டார்ச் லைட், பூட்டுப் பிடிக்காத டப்பா, தையல் மிஷினின் பாபின் கூடு. எல்லோரும் சும்மாதான் வந்தார்கள். சந்தில் நல்லா இருக்கிற சாமான் கூட அந்த வாரம் கெட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். திரைக்குக் கீழே சாமான் வரும், திரைக்குக் கீழே போகும், மஞ்சள் தண்ணீர் ஒரு கை தெளிக்கப்படும். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன் மூலை காலியாகிவிடும்.

பள்ளிக்கூடம் திறந்தது அந்த நாட்களில்தான். மணிச் சத்தம் எங்கள் சந்து வரை கேட்கும். “இனி எதுக்குப் பள்ளிக்கூடம்? வீட்டு வேலை படிக்கட்டும்,” என்று அப்பா அத்தையிடம் சொன்னதைத் திரைக்குள்ளிருந்து கேட்டேன். அன்று என் கையில் ஒரு அலாரம் கடிகாரம் பிரிந்து கிடந்தது. அழுதுகொண்டே அதை மூட்டினேன். அது ஓடியது. அழுகை பாதியில் நின்றுபோனது. அப்பாவின் கணக்கு தப்பு என்பது இன்றைக்கு ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அத்தை காரியத்திலும் நாங்கள் எல்லோரும் தப்புக் கணக்குத்தான் போட்டோம். பேய்க்குப் பயந்த கிழவி என்று பின்னால் வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறோம். எங்கள் கோலிக்குக் கதவு கிடையாது. ஒரு தார்ப்பாய்தான். ராத்திரி ஷிப்டு விடும்போது சந்து நிறைய ஆட்கள் போவார்கள், சிலர் குடித்துவிட்டுப் போவார்கள். இரும்பை என் வலக்கைப் பக்கமாக நகர்த்தி வைக்கச் சொல்லி அவள் தினமும் சத்தம் போட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பேய் வலது இடது பார்த்தா வரும்?

அப்பாவின் விஷயம்தான் வேடிக்கை. அவருக்கு உயிர் அவருடைய டிரான்சிஸ்டர். அது ஒரு மாதமாகக் கரகரவென்று இருமிக்கொண்டு கிடந்தது. பத்தாம் நாள் அவர் வேலைக்குப் போன பிறகு அம்மாவே அதை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. சின்ன அலகால் சுரண்டி எடுத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் அப்பா வந்தார், வழக்கம்போல அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். அது மணியாகப் பாடியது.

“பாத்தியா?” என்றார் அம்மாவிடம். “எல்லாத்துக்கும் ஒரு அடி இருக்கு. எங்க அடிக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்.”

மறுநாளிலிருந்து தோல் ஷாப்பில் யாருடைய ரேடியோ நின்றாலும் அப்பா போய்த் தட்டிக் கொடுத்தார். இரண்டு ரேடியோ உடைந்ததாகக் கேள்வி.

நாள் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் அத்தை என் முன்னால் உட்கார்ந்து சடங்கு முறையை ஒப்பித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு மூலையில் இருந்த சாமான் எதுவும் வீட்டுக்குள் தங்கக்கூடாது. பாய், தட்டு, தம்ளர், உடுத்திய துணி எல்லாம் மூட்டையாகக் கட்டி, ஊர்முறைக்கு மாற்றுத் துணி கொண்டுவரும் இஸ்திரி அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும்.

“கத்தி?” என்று கேட்டேன்.

“அதுந்தான்.”

“அது மாமாதுல்லா?”

“மூலைக்கு வந்துட்டா மூலைச் சாமான். ஒங்க மாமன் நான் சொல்லி ஒத்துக்கிட்டான். வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கத்தி என்னத்துக்கு? நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன் என்ன நினைப்பான்?”

பள்ளிக்கூடம் கைவிட்டுப் போன அன்று கடிகாரமாவது மூட்டினேன். அன்று ராத்திரி ஒன்றையும் தொடப் பிடிக்கவில்லை. கத்தியை மடக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது சூடாகும் வரை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் இதை விட்டால் என் கையில் ஒன்றுமே இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சந்தின் குறுக்கே தார்ப்பாய் கட்டி, வாடகை நாற்காலி போட்டு, ஒலிபெருக்கியும் வைத்தார்கள். பதினொரு மணிக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றினார்கள். இஸ்திரி அக்கா கொண்டுவந்த வெள்ளை மாற்றுத் துணியைச் சுற்றிக்கொண்டு நடுங்கி நின்றேன். இந்த அக்கா ஊரிலிருந்து வந்து, மாட்டுங்கா ஆபீஸ்காரர்களின் சட்டைக்குக் கரிப்பெட்டி தேய்ப்பவள். தாராவியில் ஊர்முறை செய்ய வேறு ஆள் இல்லை என்பதால் அவளுக்குக் கிராக்கி. மூலைச் சாமானை எல்லாம் ஒரு போர்வையில் கட்டி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். என் கத்தி அவளுக்கு அடியில் இருந்தது.

பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் தாய்மாமன் சேலையை உடுத்தி மணையில் உட்கார வேண்டும். மாமா சீரோடு வந்துவிட்டார். பூப்போட்ட புது டிரங்குப் பெட்டி, முன்னால் முஷ்டி அளவு பூட்டு.

“ஏழு லீவரு,” என்று எல்லோருக்கும் ஆட்டிக் காட்டினார். “எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது.”

பிறகு சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். மறுபடி சட்டைப் பை.

“ஏல,” என்றாள் அம்மா மெதுவாக. “சாவி எங்க?”

“சயான் ஸ்டேஷன்ல... இறங்கையில... கூட்டம்க்கா...”

கொம்பனாலும் முடியாத பூட்டின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். அப்பா அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஒரு போடு போட்டார். எங்கே அடிப்பது என்று தெரிந்தவரல்லவா? பெட்டி நசுங்கியது, பூட்டு அசையவில்லை. உள்ளேயிருந்து கலகலவென்று சத்தம்.

“ஐயோ, வளையல்!” என்று அத்தை குழவியைப் பிடித்துத் தொங்கினாள். “சடங்கு அன்னைக்குக் கண்ணாடி வளையல ஒடைப்பியாடா பாவி!”

மணி பதினொன்று நாற்பது. ஒலிபெருக்கிக்காரன் விவரம் தெரியாமல் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டுவிட்டான்.

நான் வாசலுக்கு வந்தேன். “அத்தை, பூட்ட விடுங்க. பின்னால கீலு இருக்கு.”

“சடங்குக்காரி பேசப்படாது. உள்ள போட்டி!”

“கீலுக்குள்ள கம்பிதான். அத உருவிட்டா மூடி கழண்டுரும். வளையல் ஒடையாது. எனக்குக் கத்தி வேணும்.”

எல்லோரும் இஸ்திரி அக்காவைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “என் மூட்டைய நான்தான் அவுக்கணும்,” என்றாள். அவசரமே இல்லாமல் எழுந்து, அவிழ்த்து, கத்தியை என் காலடியில் தரையில் வைத்தாள்.

ஈரத் தலையோடு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கீல் கம்பியின் வளைந்த நுனியைத் திருப்புளியால் நிமிர்த்தினேன். குத்தூசியை வைத்து உள்ளங்கையால் தள்ளினேன். முதல் கம்பி அசைந்தது, தலை நீட்டியது. உருவிப் போட்டேன். இரண்டாவதுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டேன், தலையிலிருந்தே எடுத்துக்கொள் என்றாள் மௌஷி. எடுத்தேன். அதுவும் வந்தது. மூடி பின்பக்கமாக ‘பப்பரப்பா’ என்று திறந்தது. பூட்டு முன்னால் அப்படியே பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா துள்ளினார். “பாத்தியளா? பூட்டு திறக்கல! ஏழு லீவரு, ஜெயிச்சுட்டு!”

சந்தே சிரித்தது. சிரிப்பில் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. “என் குடையும் இவதான் பாத்தா,” என்றாள் எதிர்க் கோலி அக்கா. “மேரா சஷ்மா பி, என் கண்ணாடியும்தான்,” என்று மௌஷி தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். “ஒங்க ரேடியோ பி, பாய்சாப்! நீங்க அடிச்சது சும்மா!”

அப்பா குழவியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். காது நுனி வரை சிவந்தது.

அத்தை தலையில் கை வைத்தாள். “அப்ப பதினாறு நாளா தெரு பூராவும் தீட்டா?”

“மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சுல்லா மதினி,” என்றாள் அம்மா.

“பேய் எதுவும் வந்துச்சா?” என்று கேட்டாள் இஸ்திரி அக்கா.

“வரல...” என்று இழுத்தாள் அத்தை.

“அப்ப என்ன? சேலைய எடுங்க.” பிறகு என்னிடம் கையை நீட்டாமல் மூட்டையைக் காட்டினாள். “வேலை முடிஞ்சுட்டுல்லா. வைட்டி.”

நான் வைக்கவில்லை. மடக்கி முஷ்டிக்குள் பிடித்திருந்தேன். பிடுங்கிக்கொண்டு ஓடலாம், அழலாம். இரண்டும் செய்யவில்லை. திறந்த பெட்டிக்குள் பார்த்தேன். சேலைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது, அந்தக் காலத்தில் சந்திலேயே முதல் எவர்சில்வர் குடம். கழுத்தில் என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார் மாமா. தூக்கி எடுத்து இஸ்திரி அக்காவின் முன்னால் வைத்தேன்.

“இத எடுத்துக்கோங்கக்கா. கத்தி எனக்கு.”



“பேரு வெட்டுன குடத்தையா குடுக்க!” என்று அத்தை கூவினாள். “பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு துருப்பிடிச்ச கத்திக்கு!”

“துருப்பிடிக்காது அத்தை. நீங்கதான் எவர்சில்வர்னு சொன்னிய.”

அத்தை அப்பாவிடம் திரும்பினாள். “தம்பி, நீ சொல்லு.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். அத்தையின் பேச்சுக்கு அம்மா மறுபேச்சுப் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. “குடம் அவளுக்குத்தான வந்தது மதினி. அவ பொருள, அவ குடுக்கா.”

இஸ்திரி அக்கா குடத்தைச் சுண்டிப் பார்த்தாள். ‘ணங்’ என்றது. வாயால் ஊதிப் பார்த்தாள். அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். முப்பத்தெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவளாகச் சொல்கிறேன், அப்படிச் சரக்குப் பார்க்கிற ஒரு வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

“மூலைச் சாமான்ல ஒண்ணு கொறையுது,” என்றாள். “குடம் ஒண்ணு கூடுது. சரிதான்.” போர்வையை முடிந்து மூட்டையைக் கட்டினாள்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “எமகண்டம் வருது,” என்றார். “சேலையக் கட்டுங்க.” அதுவே உத்தரவு.

மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை. எனக்கு அது இரண்டு சுற்று பெரியது. மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, பெண்கள் குலவை போட்டார்கள். கொசுவத்துக்குள் கத்தி இருந்தது. குனியும்போதெல்லாம் இடுப்பில் குத்தி, நான் இருக்கிறேன் என்றது. ஆரத்தி எடுக்க வந்த அத்தை என் காதோரம் குனிந்தாள். இன்னும் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“வலப்பக்கம் செருகுட்டி,” என்றாள். “இடப்பக்கம் வச்சா எடுக்க வராது.”

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயடிக்குப் போனேன். பதினாறு நாளைக்குப் பிறகு வெளிக்காற்று. மழை விட்டிருந்தது, தோல் ஷாப் நாற்றம்கூட வாசனையாக இருந்தது. வரிசையில் பித்தளையும் தகர டப்பாவும் நின்றன, நடுவில் சூரியன் மாதிரி ஒரு குடம். என் பெயர் வரிசையில் ஏழாவதாக நின்றுகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் அதை உரக்கப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முறை வந்தது. இஸ்திரி அக்கா குடத்தில் கழுத்து வரை தண்ணீர் பிடித்தாள். இடுப்பில் ஏற்றி, என் பெயர் வெட்டிய கழுத்தையும் அடியையும் கையால் தடவிப் பார்த்தாள். கை காய்ந்தே இருந்தது. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அங்கிருந்தே கத்தினாள்:

“ஏட்டி! ஒம் பேரு ஒரு சொட்டு ஒழுகலட்டி!”